வீட்டில் செய்யும் மின்சுற்றுப் பலகை: வரலாறும் வளர்ச்சியும்

அச்சுச் சுற்றுப் பலகை என்பது, மின்காப்புப் பலகையின் மேல் ஒட்டப்பட்ட மெல்லிய செப்புத் தகட்டில் வேண்டிய கோடுகளை மட்டும் விட்டுவிட்டு, மீதிச் செம்பை நீக்கிச் செய்யப்படும் பலகையாகும். கடைகளில் இது பி.சி.பி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. மின்தடையாக்கிகள், மின்தேக்கிகள், டிரான்சிஸ்டர்கள், ஐ.சி.க்கள் ஆகிய உறுப்புகளைத் தாங்குவதும் அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதும் இதன் இரு பணிகள்.

இப்பலகையைத் தொழிற்சாலையில் மட்டுமே செய்ய முடியும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் வானொலி ஆர்வலர்களும் மாணவர்களும் பல பத்தாண்டுகளாக இதை வீட்டிலேயே செய்து வருகின்றனர். 1980களில், பரப்பில் பொருத்தும் உறுப்புகள் பரவத் தொடங்கின. இவற்றை எஸ்.எம்.டி. என்பர். அரிசி மணியை விடச் சிறிய இந்த உறுப்புகளுக்கு ஏற்ற பலகையைக் கையால் செய்ய முடியாது என்ற கருத்து அப்போது வலுப்பெற்றது. ஆயினும் அக்கைத்தொழில் அழியவில்லை. ஏன் அழியவில்லை என்பதற்கான விடை மின்னணுவியலில் மட்டுமன்றி, அச்சுக்கலையின் வரலாற்றிலும் இருக்கிறது. பலகையின் பெயரிலேயே 'அச்சு' என்ற சொல் இருப்பது தற்செயலானதன்று.

அச்சகத்தில் தோன்றிய பலகை

பழைய வால்வு வானொலிப் பெட்டிகளில் உறுப்புகள் ஓர் உலோகச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றை இணைக்கும் ஒவ்வொரு கம்பியையும் தொழிலாளர் ஒருவர் கையால் பற்ற வைத்தார். ஒரே மாதிரியான ஆயிரம் பெட்டிகள் வேண்டுமானால், அதே வேலையை ஆயிரம் முறை திரும்பச் செய்ய வேண்டும். அச்சுக்கலை அறிந்த ஒருவருக்கு இது வீண் உழைப்பாகவே தோன்றியிருக்கும். ஒருமுறை அச்சுக் கோத்துவிட்டால் ஆயிரம் படிகள் எடுப்பதுதானே அச்சுத்தொழில்!

அப்படி எண்ணியவர் பால் ஐஸ்லர். 1907இல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், 1930இல் பொறியியல் பட்டம் பெற்றார். ஆஸ்திரியாவில் யூத எதிர்ப்பு வளர்ந்து வந்த காலத்தில், 1936இல் இங்கிலாந்துக்குச் சென்றார். செப்புத் தகட்டில் சுற்றை வரைந்து, தேவையற்ற பகுதியை அரித்து நீக்கி, ஒரு வானொலியைச் செய்து காட்டினார். வானொலி நிறுவனம் ஒன்றிடம் இதைக் கொண்டு சென்றபோது அது ஏற்கப்படவில்லை. கம்பி இணைக்கும் பெண்களின் கூலி மலிவாக இருந்ததே அதற்குக் காரணம். கடைசியில் அவருக்குக் கை கொடுத்தது மின்னணு நிறுவனம் அன்று. இசைக்குறிப்பு நூல்களை அச்சிட்டுவந்த ஹென்டர்சன் அண்ட் ஸ்பால்டிங் என்ற இலண்டன் அச்சகம். 1943இல் ஐஸ்லர் தம் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்.

ஐஸ்லரின் முறையில் செம்பை அரிக்கும் பகுதியும் அச்சுக்கலையில் முன்பே இருந்ததுதான். 1879இல் அதே வியன்னாவில் கார்ல் கிளீச் என்பவர், ஒளிப்படங்களைச் செப்புத் தகட்டில் பதித்து அச்சிடும் முறையை உருவாக்கினார். தகட்டை அரிக்க அவர் பயன்படுத்திய வேதிப்பொருள் பெர்ரிக் குளோரைடு. இன்று வீட்டில் பலகை செய்பவர்கள் நெகிழித் தட்டில் ஊற்றும் பழுப்பு நிறக் கரைசலும் அதுவே.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வேறொரு முறை வளர்ந்தது. இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் பீரங்கிக் குண்டுகளுக்குள் மிகச் சிறிய வானொலிக் கருவி தேவைப்பட்டது. அதற்காகப் பீங்கான் தகடுகளின் மேல் வெள்ளிப் பசையைத் திரை அச்சு முறையில் அச்சிட்டனர். போருக்குப் பின், 1947இல், அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 'அச்சுச் சுற்று நுட்பங்கள்' என்ற பொருளில் ஒரு கையேட்டை வெளியிட்டது. புருனெட்டி, கர்ட்டிஸ் ஆகியோர் எழுதிய அதில், பூசுதல், தெளித்தல், வேதியியல் முறையில் படியவைத்தல் எனப் பல வழிகள் விளக்கப்பட்டிருந்தன. சுற்றைத் தூரிகையால் வரைவதும் அன்று ஏற்கப்பட்ட ஒரு நுட்பமாகவே இருந்தது.

1949இல் அமெரிக்கப் படையின் தகவல்தொடர்புப் பிரிவைச் சேர்ந்த டான்கோவும் ஏப்ரம்சனும் அடுத்த படியை எடுத்து வைத்தனர். உறுப்புகளின் கால்களைப் பலகைத் துளைகளில் செருகி, உருகிய பற்றாசில் பலகையின் அடிப்பகுதியைத் தோய்த்து, எல்லா இணைப்புகளையும் ஒரே நேரத்தில் முடிப்பதே அவர்களது முறை. இதற்கு 1956இல் காப்புரிமை கிடைத்தது. அரிக்கப்பட்ட செப்புத் தகடு, துளை, பற்றாசு ஆகிய மூன்றும் சேர்ந்த இம்முறையே அடுத்த முப்பது ஆண்டுகள் தொழிற்சாலைகளை ஆண்டது.

வீட்டுக்கு வந்த பலகை

செம்பு ஒட்டிய பலகைகள் கடைகளில் கிடைக்கத் தொடங்கியதும், வீட்டிலும் இம்முறையைப் பின்பற்ற முடிந்தது. பலகையின் மேல் எண்ணெய்ப் பெயின்ட் அல்லது நகப்பூச்சால் கோடுகளை வரைந்தனர். அது காய்ந்ததும் பெர்ரிக் குளோரைடு கரைசலில் பலகையை மூழ்க வைத்தனர். பூச்சுக்கு அடியில் இருந்த செம்பு தப்பியது. திறந்திருந்த செம்பு கரைந்துபோனது.

இதன் வேதியியலைப் பள்ளி மாணவரும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். பெர்ரிக் அயனி செம்பிலிருந்து எலக்ட்ரானைப் பெற்றுப் பெர்ரஸ் அயனியாக மாறுகிறது. எலக்ட்ரானை இழந்த செம்பு, குப்ரிக் குளோரைடாகக் கரைசலில் சேர்கிறது. இவ்வினையில் வாயு வெளிவருவதில்லை. ஆனால் இரும்பையும் இக்கரைசல் அரித்துவிடும். எனவே எவர்சில்வர் பாத்திரமோ இரும்புப் பாத்திரமோ இதற்கு ஆகாது. கண்ணாடியோ நெகிழியோதான் வேண்டும்.

இக்கைத்தொழிலைப் பரப்பியவை மின்னணு இதழ்களே. 1961இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'எலெக்டூர்', 1969இல் தில்லியில் தொடங்கிய 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' போன்ற இதழ்கள், செய்முறைக் கட்டுரைகளுடன் செப்புக் கோடுகளின் படத்தையும் உண்மை அளவில் அச்சிட்டன. வாசகர் அதைக் கார்பன் தாள் வைத்துப் பலகைக்கு மாற்றி, அதன் மேல் பெயின்டால் வரைந்துகொள்ளலாம். பின்னர் எதிர்ப்பு மை அடைத்த பேனாக்களும், தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் ஆயத்த வட்டங்களும் கோடுகளும் வந்தன. தேய்த்து ஒட்டும் எழுத்துகளை விளம்பர ஓவியர்களுக்காக விற்றுவந்த லெட்ராசெட் நிறுவனத்தின் நுட்பமே இங்கும் பயன்பட்டது.

அக்காலத்தில் கைவேலைக்கு இடம் இருந்தது. 1960களின் நடுவில் வந்த இரட்டை வரிசை ஐ.சி.க்களில், அடுத்தடுத்த கால்களின் நடுக்கோட்டுத் தொலைவு 2.54 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. நிதானமான கை உள்ளவர், இரு கால்களுக்கு நடுவே ஒரு கோட்டைக்கூட வரைந்துவிடலாம். துளையிடுவதுதான் சலிப்பூட்டும் வேலை. 40 கால் ஐ.சி. ஒன்றுக்கு 40 துளைகள் வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.8 மி.மீ. விட்டம். ஒரு துளை விலகினாலும் ஐ.சி. உட்காராது. மெல்லிய துளைமுனை சற்றுச் சாய்ந்தாலும் ஒடிந்துவிடும்.

சிறுத்துப்போன உறுப்புகள்

துளையின்றிப் பலகையின் பரப்பிலேயே உறுப்பைப் பற்றவைக்கும் எண்ணம் 1960களிலேயே தோன்றியது. 1962இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் தட்டையான ஐ.சி. உறை உருவாக்கப்பட்டது. சாட்டர்ன் ராக்கெட்டுகளை வழிநடத்திய கணினிக்காக ஐ.பி.எம். நிறுவனமும் பரப்பில் பொருத்தும் முறையைக் கையாண்டது. எடையும் இடமும் குறைய வேண்டிய விண்வெளித் துறையில் தொடங்கிய இம்முறை, 1980களில் வீட்டுச் சாதனங்களுக்கும் வந்தது. துளையிடும் செலவு இல்லை, பலகையின் இருபுறமும் உறுப்புகளை வைக்கலாம், இயந்திரமே உறுப்புகளை எடுத்து வைக்கும் என்பவை தொழிற்சாலைகளுக்குக் கிடைத்த நன்மைகள்.

வீட்டில் செய்பவருக்கோ இது பெரும் சோதனையாயிற்று. பரப்பு உறுப்புகளின் அளவு நான்கு இலக்க எண்ணால் குறிக்கப்படுகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் நீளத்தையும், அடுத்த இரண்டு அகலத்தையும், அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்று காட்டுகின்றன. 1206 என்பது ஏறத்தாழ 3.2 மி.மீ. நீளமும் 1.6 மி.மீ. அகலமும் உடையது. 0603 அதில் பாதி நீளம், பாதி அகலம். 0402 ஏறத்தாழ 1 மி.மீ. நீளமும் 0.5 மி.மீ. அகலமும் கொண்டது, ஒரு பெருமூச்சில் மேசையிலிருந்து பறந்துவிடும். ஐ.சி. கால்களின் இடைவெளி முதலில் 1.27 மி.மீ. ஆகவும், பின் 0.65 மி.மீ., 0.5 மி.மீ. ஆகவும் குறைந்தது. 0.5 மி.மீ. இடைவெளியில் ஒரு செப்புத் தடத்தின் அகலம் ஏறத்தாழ 0.25 மி.மீ.; அடுத்த தடம் வரையுள்ள வெற்றிடமும் அவ்வளவே. இதைப் பெயின்ட் தூரிகையால் வரைய இயலாது.

இதில் பொழுதுபோக்கை விடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. புதிய உணரிகளும் நுண்கட்டுப்படுத்திகளும் நாளடைவில் பரப்பு உறைகளில் மட்டுமே வெளிவரத் தொடங்கின. பழைய உறுப்புகளோடு நின்றுவிட்டால், மாணவர் கற்கும் மின்னணுவியலுக்கும் உலகில் நடக்கும் மின்னணுவியலுக்கும் தொடர்பு அற்றுப்போகும்.

அலுவலகத்திலிருந்து வந்த உதவி

இந்த இக்கட்டுக்கு விடை மின்னணுத் துறைக்கு வெளியிலிருந்து வந்தது. 1984இல் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம், மேசை மேல் வைக்கத்தக்க லேசர் அச்சுப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடிதங்களும் அறிக்கைகளும் அச்சிடுவதற்கான கருவி அது. ஆனால் அதன் டோனர் சாதாரண மை அன்று; சூட்டில் உருகும் நெகிழித் தூள். நெகிழியைப் பெர்ரிக் குளோரைடு அரிப்பதில்லை. ஆகவே டோனர் ஒரே நேரத்தில் மையாகவும் பாதுகாப்புப் பூச்சாகவும் பயன்பட்டது.

டோனர் மாற்று முறை என்று வழங்கும் செய்முறை இதுதான். செப்புக் கோடுகளின் படத்தை வழவழப்பான தாளில் லேசர் அச்சுப்பொறியால் அச்சிட வேண்டும். நன்கு தேய்த்துத் தூய்மையாக்கிய செப்புப் பலகையின் மேல் தாளைக் கவிழ்த்து வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். டோனர் மறுபடி உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். பின் தண்ணீரில் ஊறவைத்து, தாளை விரலால் தேய்த்து நீக்கிவிட்டால், டோனர் கோடுகள் மட்டும் செம்பின் மேல் நிற்கும். இஸ்திரிப் பெட்டியின் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இராது. அதனால் அடையாள அட்டைகளுக்கு உறை போடும் லேமினேஷன் இயந்திரத்தைப் பலர் பயன்படுத்தத் தொடங்கினர். இதுவும் அலுவலகக் கருவியே.

அச்சுப்பொறியின் நுட்பம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். முதல் லேசர் அச்சுப்பொறிகள் ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகளை இட்டன. அங்குலம் 25.4 மி.மீ.; ஆகவே ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 0.085 மி.மீ. 0.25 மி.மீ. தடத்துக்கு மூன்றே புள்ளிகள்தான் கிடைக்கும். ஒரு புள்ளி தவறினாலும் தடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 600 புள்ளி அச்சுப்பொறிகள் வந்தபோது அதே தடத்துக்கு ஆறு புள்ளிகள் கிடைத்தன. 0.5 மி.மீ. இடைவெளி ஐ.சி.க்களை வீட்டில் முயன்று பார்க்கத் துணிவு வந்தது இதனால்தான்.

செம்பின் தடிமனையும் கணக்கில் கொள்ள வேண்டும். சாதாரணப் பலகையில் ஒரு சதுர அடிக்கு ஓர் அவுன்சு செம்பு இருக்கும். அதன் தடிமன் ஏறத்தாழ 35 மைக்ரோமீட்டர். கரைசல் கீழ்நோக்கி அரிக்கும்போது பக்கவாட்டிலும் அரிக்கிறது. ஒவ்வொரு பக்கமும் 35 மைக்ரோமீட்டர் உள்ளே போனால், 0.25 மி.மீ. தடத்தில் கால் பங்குக்கு மேல் கரைந்துவிடும். எனவே நுண்கோடுகளுக்குப் பாதித் தடிமனுள்ள செம்புப் பலகையே ஏற்றது. அரித்தல் முடிந்தவுடன் பலகையை வெளியே எடுத்துவிடுவதும் அவசியம்.

இன்னும் நுணுக்கம் வேண்டியோர் ஒளி முறையை நாடினர். 1968இல் டூபான்ட் நிறுவனம் ரிஸ்டன் என்ற பெயரில் ஒளி உணரும் உலர்படலத்தைத் தொழிற்சாலைகளுக்காக அறிமுகம் செய்தது. இத்தகைய படலங்கள் பின்னர் சிறு சுருள்களாக வீட்டுப் பயனருக்கும் கிடைத்தன. படலத்தைச் செம்பில் ஒட்டி, ஒளிபுகும் தாளில் அச்சிட்ட படத்தை மேலே வைத்துப் புற ஊதா ஒளி பாய்ச்ச வேண்டும். ஒளி பட்ட இடம் கெட்டியாகும். ஒளி படாத இடத்தை வாஷிங் சோடாக் கரைசலால் கழுவிவிடலாம். வியன்னாவில் கிளீச் செய்ததும் ஏறக்குறைய இதே வகை வேலைதான். அவர் பயன்படுத்தியது ஒளி உணரும் ஜெலட்டின்.

படத்தை வரையும் வேலை கணினிக்கு மாறியது. 1988இல் ஜெர்மனியிலிருந்து ஈகிள் என்ற மென்பொருள் வந்தது. 1992இல் பிரான்சின் கிரெனோபிள் பகுதியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ழான்-பியர் சாரா, கைகேட் என்ற கட்டற்ற மென்பொருளைத் தொடங்கினார். இன்று யாவரும் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம்.

சிறியதில் கிடைத்த எளிமை

பரப்பு உறுப்புகள் வீட்டில் பலகை செய்பவருக்குத் தடையாக மட்டுமே இருந்தன என்று சொல்வது முழு உண்மையன்று. வீட்டு வேலையிலேயே கடினமானதாக இருந்த துளையிடுதலை அவை நீக்கிவிட்டன. நூறு இணைப்புகள் உள்ள பலகையில் நான்கு மூலைகளிலும் திருகாணித் துளை போட்டால் போதும் என்ற நிலை வந்தது. ஒரு கோட்டைத் தாண்டி மற்றொரு கோடு செல்ல வேண்டிய இடத்தில், 1206 அளவுள்ள சுழி ஓம் மின்தடையாக்கியைப் பாலமாக வைக்கலாம். கோடு அதன் அடியில் புகுந்து செல்லும். இதனால் ஒருபுறச் செம்புப் பலகையிலேயே பல சுற்றுகளை முடிக்க முடிந்தது.

ஒரு நுட்பத்தை மட்டும் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். துளை உறுப்புகள் செம்பு இல்லாத மறுபுறத்தில் அமர்பவை. பரப்பு உறுப்புகள் செம்பு உள்ள புறத்திலேயே அமர்பவை. டோனர் முறையில் தாள் கவிழ்க்கப்படுவதால், பரப்பு உறுப்புகளுக்கான படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலம் மாற்றி அச்சிட வேண்டும். மாற்றாவிட்டால் ஐ.சி.யின் கால்கள் வரிசை மாறிவிடும்.

பற்றவைப்பதிலும் இயற்கையே உதவுகிறது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்றாசு 183 செல்சியஸ் வெப்பத்தில் உருகும். உருகிய பற்றாசு செம்பில் பரவுமே தவிர, வெறும் பலகையில் ஒட்டாது. அதன் பரப்பு இழுவிசை, சற்றே விலகி வைக்கப்பட்ட சிறு உறுப்பைத் தடத்தின் நடுவுக்கு இழுத்துச் சரிசெய்துவிடும். ஐ.சி.யின் கால் வரிசை மேல் பிளக்ஸ் தடவி, சால்டரிங் அயர்ன் முனையில் சிறிது பற்றாசுடன் இழுத்துச் சென்றால், ஒவ்வொரு காலும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இரு கால்களுக்கு நடுவே பாலம் ஏற்பட்டால், செப்புப் பின்னலை வைத்துச் சூடாக்கி உறிஞ்சி எடுக்கலாம். பற்றாசுப் பசை தடவி, ரொட்டி சுடும் மின் அடுப்பில் பலகை முழுவதையும் ஒரே நேரத்தில் சூடாக்குவோரும் உண்டு. அவ்வடுப்பை மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுச் சாதனங்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தபின், காரீயமில்லாப் பற்றாசு பரவியது. அது உருக 217 செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும்.

வீட்டு முறைக்கு எல்லைகளும் உண்டு. பலகையின் இருபுறத்தையும் இணைக்கும் துளைகளின் உட்சுவரில் செம்பு படியவைப்பது வீட்டில் கடினம். கம்பியைச் செருகி இருபுறமும் பற்றவைக்கிறார்கள். அடிப்பரப்பு முழுவதும் பற்றாசு உருண்டைகள் கொண்ட ஐ.சி.க்களுக்குப் பல அடுக்குப் பலகை தேவைப்படுவதால், அவை பெரும்பாலும் வீட்டு முறைக்கு அப்பாற்பட்டவை.

கரைசலில்லாத வழி

அரிக்காமல், செம்பைச் செதுக்கியே கோடுகளைப் பிரிப்பது மற்றொரு வழி. 1976இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட எல்.பி.கே.எஃப். நிறுவனம் இதற்கான இயந்திரங்களை உருவாக்கியது. 1998இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்டு, ஏறத்தாழ எதையும் செய்யக் கற்பிக்கும் பாடம் ஒன்றைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்தவையே ஃபேப் லேப் எனப்படும் பட்டறைகள். எம்.ஐ.டி.க்கு வெளியே தொடக்கத்தில் அமைந்தவற்றுள் ஒன்று, 2002இல் மகாராஷ்டிராவில் புனே அருகிலுள்ள பாபல் கிராமத்தின் விக்யான் ஆசிரமத்தில் அமைந்தது என்பது நாம் அறிய வேண்டிய செய்தி.

இப்பட்டறைகளில் ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது 0.4 மி.மீ. விட்டமுள்ள வெட்டுமுனை வழக்கமாகப் பயன்படுகிறது. அது 0.25 மி.மீ. வெற்றிடத்துக்குள் நுழையாது. ஆகவே 1206 உறுப்புகளும் 1.27 மி.மீ. இடைவெளி ஐ.சி.க்களும் அங்கே பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. கண்ணாடி இழைப் பலகையின் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. அது வெட்டுமுனையையும் தேய்த்துவிடும். எனவே காகித அடிப்படையிலான பலகையே அங்கு விரும்பப்படுகிறது.

மிஞ்சும் கரைசல்

அரித்து முடித்த கரைசலில் செம்பு கரைந்துள்ளது. மீன் முதலிய நீர்வாழ் உயிர்களுக்குச் செம்பு நஞ்சு. எனவே இக்கரைசலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. மூடிய நெகிழிப் புட்டியில் வைத்திருந்தால் மேலும் பல பலகைகளுக்குப் பயன்படும். வலுவிழந்தபின் வாஷிங் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் செம்பும் இரும்பும் வீழ்படிவாகும். அவ்வீழ்படிவை அபாயக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிவது, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வது, பற்றாசைத் தொட்டபின் கை கழுவுவது ஆகியவற்றை ஆசிரியர்கள் முதலிலேயே கற்பிக்க வேண்டும்.

இன்றைய நிலை

2010களில் நிலைமை மீண்டும் மாறியது. பலருடைய சிறு பலகைகளை ஒரே பெரிய தகட்டில் அடுக்கிச் செய்து தரும் ஆலைகள், குறிப்பாகச் சீனாவின் ஷென்ஜென் நகரில், தனிமனிதரிடமும் ஆணை பெறத் தொடங்கின. துளைச் சுவரில் செம்பும் பச்சைப் பாதுகாப்புப் பூச்சும் உள்ள பலகைகள் மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அவற்றுக்கு அனுப்பும் கோப்பின் வடிவத்துக்குக் கெர்பர் என்று பெயர். ஒளியால் படம் வரையும் இயந்திரங்களைச் செய்த ஜோசப் கெர்பர் நிறுவிய நிறுவனத்தின் பெயர் அது. 1924இல் வியன்னாவில் பிறந்து 1940இல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர் அவர். ஐஸ்லரும் கெர்பரும் ஒரே ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தவர்கள்.

ஆகவே இன்று வீட்டில் பலகை செய்வதற்கு விலை ஒரு காரணமாக இல்லை. நேரமே முதல் காரணம். ஆலைப் பலகை வந்து சேர நாட்கள் ஆகும். வீட்டில் காலையில் வரைந்ததை மாலையில் சோதித்து, தவறு கண்டு, மறுநாள் திருத்திவிடலாம். கல்வி இரண்டாவது காரணம். கோடு எவ்வளவு மெலியலாம், இடைவெளி எவ்வளவு குறையலாம், ஒரு பலகைக்காக எவ்வளவு செம்பு வீணாகிறது என்பவற்றைத் தாமே அரித்துப் பார்த்த மாணவர் எண்களாக மட்டும் அறிவதில்லை. ஆலைக்கு அனுப்பும் படத்தையும் அவர் மேலும் நன்றாகவே வரைவார். பரப்பு உறுப்புகளுடன் வேலை தொடங்க விரும்புவோர், 1206 உறுப்புகளும் 1.27 மி.மீ. இடைவெளி ஐ.சி. ஒன்றும் கொண்ட சிறு சுற்றை முதலில் செய்து பார்க்கலாம்.